செருப்புக்குள் ஒரு கல்

விளக்கை அணைத்துப் படுத்தபிறகு, அன்று பேசியதையும் செய்ததையும் ஒவ்வொன்றாக எடுத்து நொந்துகொள்வதைத்தான் நம்மில் பலர் ஆத்தும சோதனை (கடவுள் முன் அன்றைய நாளைத் தானே ஆராய்ந்து பார்ப்பது) என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். கால் மணி நேரத்தில் முடியவேண்டியது நள்ளிரவைத் தாண்டி இழுக்கும். காலையில் எழுந்தால், நேற்று செய்த தவறு எது என்று திட்டமாகச் சொல்லத் தெரியாது. "நான் மோசமான ஆள்" என்ற நினைப்பு மட்டும் நெஞ்சில் பாரமாக இருக்கும்.

சோதனை ஒழுங்காக நடந்திருந்தால் முடிவில் கையில் ஒன்று இருக்கும்: இன்ன நேரத்தில், இன்னாரிடம், இன்னது செய்தேன். வெட்கத்துக்கு நேரமும் இடமும் ஆளும் கிடையாது. அது ஆளையே சுட்டும். தொடக்க நூலில் ஆதாம் மரங்களுக்குள் ஒளிந்துகொண்டபோது கடவுள் கேட்ட முதல் கேள்வி "நீ எங்கே இருக்கிறாய்?" என்பது. நீ எப்படிப்பட்டவன் என்று அவர் கேட்கவில்லை. அடுத்து, விலக்கின மரத்தின் கனியைப் புசித்தாயோ என்று செயலைக் கேட்டார். அத்தி இலையைத் தைத்துக் கட்டிக்கொண்டவர்களைத் தோட்டத்திலிருந்து அனுப்புவதற்கு முன், அவரே தோலினால் உடை செய்து உடுத்தினார். ஆத்தும சோதனைக்கு இந்த வரிசை போதும்: இடம், செயல், பிறகு உடை.

இந்தப் பழக்கத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் உறுதியான வடிவம் கொடுத்தவர், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். அவர் கொடுத்த வடிவத்தில் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று புரியவேண்டுமானால், அவர் எதில் மாட்டித் தவித்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1521 மே 20 அன்று, ஸ்பெயினில் உள்ள பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை உடைத்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் மனம் மாறினார். 1522 மார்ச்சில் மொன்செராத் மலை மடத்துக்குப் போய், வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

பக்கத்து ஊரான மன்ரேசாவில் தங்கியபோது, எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோம், சொன்னதையும் சரியாகச் சொல்லவில்லை என்ற சந்தேகம் அரிக்கத் தொடங்கியது. மறுபடியும் சொன்னார், மறுபடியும் சந்தேகம் வந்தது. "மிகத் தெளிவாகத் தெரிகிற பழைய பாவத்தைத் தவிர வேறெதையும் திரும்பச் சொல்லாதே" என்றார் பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு. நல்ல ஆலோசனைதான். ஆனால் இஞ்ஞாசியாருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது! தினமும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அதே ஆள், தங்கியிருந்த அறையில் இருந்த பெரிய துவாரம் வழியாகக் குதித்துவிடலாமா என்ற சோதனைக்கும் ஆளானார். ஒரு ஞாயிறு முதல் மறு ஞாயிறு வரை ஒன்றும் உண்ணாமல் இருந்தார். குரு கட்டளையிட்டதும் உபவாசத்தை முடித்தார். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ஜெபத்தில் நிற்கும்போது பாவங்கள் ஒன்றோடொன்று கோத்தாற்போல மறுபடியும் வரிசையாக வந்தன.

அப்போதுதான் அவர் வேறொன்றைக் கவனித்தார். இந்த நினைவுகள் தன்னை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பார்த்தார். தான் வாழும் வாழ்க்கையின்மேல் அருவருப்பு, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் - இவைதான் அதன் கடைசி நிறுத்தம். கடவுளிடம் அழைத்துப்போகிற வழி இப்படி இருக்காது என்று தெளிந்து, பழைய பாவங்களை இனி ஒருபோதும் திரும்பச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். அன்றோடு அந்தத் தொல்லை நீங்கியது என்று பிற்காலத்தில் தன் வரலாற்றைச் சொல்லும்போது குறிப்பிட்டிருக்கிறார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இந்த ஆய்வுக்கு அவர் வகுத்த ஐந்து படிகளுக்குப் பின்னால் இந்த மன்ரேசா இருக்கிறது.

முதல் படி நன்றி. பாவத்திலிருந்து தொடங்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் நான்கு நிமிடமாவது இதற்கு. "எல்லா நன்மைக்கும் நன்றி" என்று மொத்தமாகச் சொன்னால் வேலை செய்யாது. பேருந்தில் இடம் கொடுத்தவர், சூடாகக் கிடைத்த காபி, எதிர்பாராமல் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு என்று மூன்றையாவது பெயர் சொல்லி எடுக்க வேண்டும். வெட்கத்தில் ஊறிய மனம் இந்தப் படியைத் தாண்டி ஓடத்தான் பார்க்கும். "எனக்கு நன்றி சொல்லத் தகுதியில்லை, முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று பணிவுபோலப் பேசும். விடக்கூடாது. தன்னை நேசிக்கிறவர் முன்னால்தான் மனிதர் மறைக்காமல் பேசுவார். நேசிக்கப்படுகிறோம் என்பது நினைவுக்கு வராமல் பாவத்தைத் தோண்டினால், நீதிபதி முன் நிற்கும் குற்றவாளியின் வேலையைத்தான் மனம் செய்யும். ஒன்று மறைக்கும், இல்லை மிகைப்படுத்தும்.

இரண்டாவது, வெளிச்சம் கேட்பது. ஒரு நிமிடம் போதும். சங்கீதம் 139-இன் கடைசி இரண்டு வசனங்கள் இதற்கென்றே அமைந்தவை: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." ஆராய்கிறவர் அவர். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். இந்தப் படியை விட்டவர்கள் தாங்களே துப்பறிவாளராகிவிடுகிறார்கள். துப்பறிகிறவருக்கு எல்லாமே தடயமாகத் தெரியும்.

மூன்றாவதுதான் ஆய்வு. எழுந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை மணிவாரியாக, அல்லது காலை, அலுவலகம், மாலை என்று பகுதி பகுதியாக; முதலில் எண்ணம், பிறகு சொல், பிறகு செயல். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அன்றைய நாள் மட்டும். 2009-இல் நடந்தது இதில் வராது, போன வாரம் நடந்ததும் வராது. தொடங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. ஒவ்வொரு பகுதியிலும் நல்லதையும் பார்க்க வேண்டும். எங்கே அன்பு கொடுக்க முடிந்தது, எங்கே அதை மறுத்தேன். பாவத்தை மட்டும் எடுப்பது கணக்கில் செலவுப் பக்கத்தை மட்டும் எழுதுவதைப் போன்றது. அந்தக் கணக்கு கடுமையாகத் தெரியும், ஆனால் பொய்க்கணக்கு.

நான்காவது மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கு வருந்துவது. இரண்டு நிமிடம். இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள், கொஞ்சம் நின்று சொல்கிறேன். லூக்கா 15-இல் இளைய மகன் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து தகப்பனிடம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்கிறான். அதில் மூன்று பகுதி உண்டு: பாவம் செய்தேன், மகன் என்று சொல்லப்படத் தகுதியில்லை, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." வீட்டுக்கு வந்து பேசும்போது 21-ஆம் வசனத்தில் முதல் இரண்டு மட்டுமே இருக்கின்றன. மூன்றாவதைச் சொல்வதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மனஸ்தாபத்தின் எல்லை அங்கே இருக்கிறது. "செய்தேன், வருந்துகிறேன்" என்பதோடு நிறுத்த வேண்டும். "என்னை வேலைக்காரனாக வைத்துக்கொள்ளும்", "என்னை இனி நம்பாதேயும்", "நான் எப்போதும் இப்படித்தான்" என்பவையெல்லாம் அந்த மூன்றாவது பகுதியைச் சேர்ந்தவை. வெட்கம் எழுதிக்கொடுத்த வசனங்கள் அவை. தகப்பன் கேட்காத பேச்சை நாம் ஒவ்வொரு இரவும் முழுசாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தாவது நாளை. மூன்று நிமிடம். பழைய ஜெபங்களில் பிரதிக்கினை என்று வருவது இதுதான். "இனி கோபப்படமாட்டேன்" என்பது பிரதிக்கினை ஆகாது, அது நாளை இரவுக்கான தோல்வியை இன்றே எழுதிவைப்பது. "நாளை காலை மகளைப் பள்ளிக்குக் கிளப்பும்போது குரல் உயர்வதற்கு முன் தண்ணீர் குடிப்பேன்" என்பது பிரதிக்கினை. நேரம், இடம், கையால் செய்யக்கூடிய ஒரு செயல். ஒன்றே ஒன்று.

இதோடு இஞ்ஞாசியார் சொன்ன தனி ஆய்வு என்று ஒன்றும் இருக்கிறது. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு காலை, மதியச் சாப்பாட்டுக்குப் பின், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று நாளில் மூன்று தடவை கவனிப்பது. விழுந்த ஒவ்வொரு தடவையும் கோட்டின்மேல் ஒரு புள்ளி. மதியத்துக்கு மேல்கோடு, இரவுக்குக் கீழ்க்கோடு என்று நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு நாள். மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும், நேற்றையும் இன்றையும், இந்த வாரத்தையும் போன வாரத்தையும் ஒப்பிட வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் குறிப்பு: விழுந்த உடனேயே கையை மார்பில் வைத்து வருந்த வேண்டும், அதைப் பலர் நடுவிலேயும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்கிறார். வருத்தம் இரவு வரை சேர்ந்து அழுகாமல் அந்த இடத்திலேயே முடிகிறது. நாக்குத் துடுக்கு, கைபேசி, பொய் போன்ற பழக்கங்களுக்கு இது நல்ல கருவி. ஆனால் தன்னைத்தானே வதைத்துக்கொள்கிற மனத்துக்குப் புள்ளிக் கணக்கு ஆகாது. அது மதிப்பெண் பட்டியலாக மாறிவிடும். அப்படிப்பட்டவர்கள் ஆறு மாதமாவது இதைத் தள்ளிவைத்து, முதல் ஐந்து படிகளை மட்டும் செய்தால் போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

யாருக்கு எது என்று தெரிவது எப்படி? இஞ்ஞாசியாரின் பதில் இன்றைக்கும் பொருந்துகிறது. பாவத்திலிருந்து பாவத்துக்குப் போகிறவரை நல்ல ஆவி மனச்சான்றால் குத்தும். கெட்ட ஆவி இன்பத்தைக் காட்டித் தாலாட்டும். கடவுளை நோக்கி நடக்கத் தொடங்கியவரிடம் இது தலைகீழாகிறது. அவரைக் கடிப்பதும், சோகப்படுத்துவதும், பொய்க் காரணம் காட்டிக் கலக்குவதும் கெட்ட ஆவியின் வேலை. தைரியமும் அமைதியும் கண்ணீரும் தருவது நல்ல ஆவி. முன்னேறிக்கொண்டிருக்கும் ஆன்மாவை நல்ல ஆவி தொடுவது பஞ்சில் நீர்த்துளி இறங்குவதுபோல; கெட்ட ஆவி தொடுவது கல்லில் நீர் விழுந்து தெறிப்பதுபோல. உண்மையான பாவ உணர்வுகூட வலிக்கும். ஆனால் அந்த வலி ஒரு வாசலைக் காட்டும்: இன்னாரிடம் போய் மன்னிப்புக் கேள், எடுத்ததைத் திருப்பிக் கொடு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இரண்டு துக்கத்தைப் பிரிக்கிறார். "தேவனுக்கேற்ற துக்கம்" மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்குகிறது. பேதுருவும் யூதாசும் தவறிய இரவு ஒன்றுதான். பேதுரு கரிநெருப்பு அருகே இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார்; உயிர்த்த இயேசு கடற்கரையில் அவருக்காகக் கரிநெருப்பு மூட்டிவைத்திருந்தார். ஏன் மறுதலித்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தடவை கேட்டார்.

பாவமில்லாத இடத்தில் பாவத்தைக் காணும் நிலைக்கு இலத்தீனில் ஸ்க்ருபுலுஸ் என்று பெயர். கூரான சின்னக் கல் என்பது பொருள். செருப்புக்குள் மாட்டிக்கொள்ளும் கல். தமிழில் உறுத்தல் என்கிறோம், அதைவிடச் சரியான சொல் கிடையாது. கல் சிறியதுதான், ஆனால் எந்த அடியையும் நிம்மதியாக வைக்க விடாது. சிலுவை வடிவில் கிடந்த வைக்கோல்மேல் தெரியாமல் மிதித்துவிட்டு "பாவம் செய்துவிட்டேன்" என்று நினைப்பது வெறும் தவறான தீர்ப்பு, உண்மையான உறுத்தல் வேறு என்கிறார் இஞ்ஞாசியார்: பாவம் செய்தேனோ என்று ஒரு பக்கம், செய்யவில்லை என்று மறுபக்கம், நடுவில் மனம் அமைதியின்றி ஆடுவது. முரட்டு மனத்தை எதிரி இன்னும் முரடாக்கப் பார்ப்பான், மென்மையான மனத்தை இன்னும் மென்மையாக்கி உடைக்கப் பார்ப்பான். ஆகவே எதிர்த்திசையில் நட. முரடன் தன்னைக் கூர்மையாக்க வேண்டும். மெல்லியவர் உறுதியாக நடுவில் நிற்க வேண்டும். எல்லாருக்கும் "இன்னும் ஆழமாக உன்னைச் சோதி" என்று ஒரே பிரசங்கம் செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். கேட்டுத் திருந்தவேண்டியவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஏற்கெனவே உடைந்தவர் முதல் வரிசையில் அழுதுகொண்டிருப்பார்.

சீர்திருத்தச் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லூத்தரும் இதே வழியில் வந்தவர்தான். மடத்தில் இருந்த நாட்களில் பாவ அறிக்கை செய்து ஓயாமல் தவித்தவர், 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் பாவ அறிக்கைக்கு மிக எளிய வழி சொல்கிறார்: பத்துக் கட்டளைகளை முன்வைத்து, நீ தகப்பனா, தாயா, மகனா, மகளா, எஜமானா, வேலைக்காரனா என்று உன் இடத்தைப் பார். தெரிந்த ஒன்றிரண்டைச் சொல். பெரிதாக ஒன்றும் தெரியவில்லையென்றால் தேடிக் கண்டுபிடிக்கவும் வேண்டாம், கற்பனை செய்யவும் வேண்டாம், அறிக்கையைச் சித்திரவதையாக்கவும் வேண்டாம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு இந்த ஞானோபதேசத்தைத் தமிழில் கொண்டுவந்தார். கத்தோலிக்கர் பக்கம் அதற்கும் முன்பே, இயேசு சபைக் குரு அன்றீக்கே அடிகளார் எழுதிய 'கொம்பெசியொனாயரு' என்ற பாவசங்கீர்த்தனக் கையேடு 1580-இல் கொச்சியில் அச்சானது. தமிழ் எழுத்தில் நூல் அச்சாகத் தொடங்கி இரண்டே ஆண்டு ஆகியிருந்த காலம் அது. தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களில் ஒன்று, மனிதர் தம்மைச் சோதித்துக்கொள்வதற்கானது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்கள் அறியவேண்டியது சுருக்கமானது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1551-இல் வகுத்தபடி, நினைவிலுள்ள சாவான (கனமான) பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொன்னால் போதும். நினைவில் இல்லாதது மன்னிப்புக்குள் அடங்கிவிடுகிறது. அற்பப் பாவங்களை, அதாவது சிறு பாவங்களை, சொல்வது நல்லது, கட்டாயமில்லை. கதை வேண்டாம், மற்றவர் பெயர் வேண்டாம். உறுத்தல் உள்ளவர் குருவை மாற்றிக்கொண்டே இருக்கக்கூடாது. ஒருவரையே பிடித்துக்கொண்டு, இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அவர் சொல்லும் இடைவெளியைக் காத்து, மன்னிக்கப்பட்டதைத் திரும்பச் சொல்லாதே என்றால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும். கீழ்ப்படியும்போது மனம் பதறும். பதறிக்கொண்டே கீழ்ப்படிவதுதான் மருந்து.

சீர்திருத்தச் சபைகளில் இந்த உறுத்தல், அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்து நாளில் வந்து நிற்கிறது. எத்தனையோ பேர் பந்திக்குப் போகாமல் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். 1 கொரிந்தியர் 11-இல் "அபாத்திரமாய்" (தகாத விதமாய்) என்ற ஒரு சொல் அவர்களைக் கட்டிப்போடுகிறது. மூல மொழியில் அது புசிக்கும் விதத்தைச் சொல்லும் வினையடை. புசிக்கிறவரின் தகுதியைப் பற்றியது கிடையாது. விதம் என்ன என்பது 21-ஆம் வசனத்தில் இருக்கிறது: ஒருவர் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார், ஒருவர் பசியாக இருக்கிறார், ஒருவர் வெறித்திருக்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்கிறார். வெட்கப்படுத்தினவர்களுக்கு எழுதின எச்சரிக்கையை, வெட்கப்பட்டவர்கள் எடுத்துத் தங்கள்மேல் போட்டுக்கொள்கிறார்கள். 28-ஆம் வசனமும் தன்னைச் சோதித்தறிந்து, அப்பத்தைப் புசித்து, "பானம்பண்ணக்கடவன்" என்றுதான் முடிகிறது. சோதித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

இன்னொரு வகை வெட்கத்துக்கு இந்த ஆய்வில் இடமே கிடையாது. சிறுவயதில் ஒருவர் தவறாகத் தொட்டது, சாதியைச் சொல்லி அவமானப்படுத்தியது, குழந்தையில்லை என்று ஊர் பேசியது, கணவன் அடித்தது. இவற்றை மூன்றாவது படியில் கொண்டுவந்து தன் பாவமாக எண்ணி அழுகிறவர்கள் உண்டு. முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: இது நான் செய்ததா, எனக்குச் செய்யப்பட்டதா? எனக்குச் செய்யப்பட்டதை நான் அறிக்கையிட முடியாது, அதற்கு எனக்கு மன்னிப்பும் தேவையில்லை. அது புலம்பலின் பொருள். சங்கீதங்களில் பல அதற்குத்தான் இருக்கின்றன. எபிரெயர் நிருபம் இயேசு "அவமானத்தை எண்ணாமல், சிலுவையைச் சகித்து" என்கிறது. பிறர் சுமத்திய அவமானம் அவருக்குத் தெரியும். எதிரி கள்ளக் காதலனைப்போல இரகசியத்தை விரும்புகிறவன், வெளியே சொன்னதும் அவன் கை தளர்ந்துவிடும் என்று இஞ்ஞாசியார் எழுதினார். நம்பகமான ஒருவரிடம் சொல்வது இங்கே ஜெபத்துக்குச் சமம். குழந்தைக்கு இது நடந்துகொண்டிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பதற்கு முன் ஜெபக்கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

உறுத்தல் நோயாகவும் இருக்கலாம். ஒரே பாவத்தை நான்காவது தடவை அறிக்கையிடுவது, ஜெபத்தில் ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து தொடங்குவது, தேவதூஷணமான எண்ணம் தானாக வந்து பயமுறுத்துவது, மன்னிப்புக் கிடைத்த ஆறுதல் சில நிமிடம் இருந்து மறைவது - இவை எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) அறிகுறிகள். ஆறுதலைத் தேடித் தேடிச் செய்கிற ஒவ்வொரு செயலும் அந்தச் சுழலைப் பலப்படுத்துகிறது. சிகிச்சை அதற்கு எதிர்த்திசை: சந்தேகம் வரட்டும், ஆனால் திரும்பச் சொல்வதில்லை, சரிபார்ப்பதில்லை. பயம் தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருப்பது. மருந்தும் உதவுகிறது. மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; தமிழிலும் பேசலாம். மன்ரேசாவில் ஒரு மனிதர் குருவின் கட்டளையாலும் கடவுளின் இரக்கத்தாலும் தட்டுத்தடுமாறிக் கண்ட வழியை இன்று தெரிந்தவர்கள் கைபிடித்து நடத்துகிறார்கள்.

நடைமுறையில் சில சொல்லிவிடுகிறேன். படுத்துக்கொண்டு செய்யவேண்டாம், உட்கார்ந்து செய்யுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது, களைப்பு வெட்கத்துக்கு எரிபொருள். நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு நாளுக்கும் சேர்த்துச் செய்யாமல் இன்றிலிருந்து தொடங்குங்கள். நோட்டில் எழுதினால் ஒரு நாளுக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். ஏதும் பாவம் தென்படாத நாளும் வரும்; பவுலே "என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன்" என்று எழுதி, தீர்ப்பைக் கர்த்தரிடம் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

இஞ்ஞாசியார் இதை ஆண்டவர் கற்பித்த ஜெபத்தோடு முடிக்கச் சொல்கிறார். அதில் "என்" என்ற சொல்லே கிடையாது. எங்கள் பிதா, எங்கள் அப்பம், எங்கள் கடன்கள். நிதானமாக ஒரு தடவை சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். அணைத்தபிறகு நினைவுக்கு வருகிற பாவம் எதுவானாலும் அதை நாளை இரவு பார்த்துக்கொள்ளலாம்.